கோட்டைக்குள் ஒரு வீடு

திருக்கோணமலைக்குச் சென்று கோணேசப் பெருமானை வழிபட்டு மீண்ட நேயர்கள் பலர் இருப்பீர்கள். கோயிலுக்குச் செல்லும் வழி கோட்டைக்குள்ளாகவே செல்கின்றது. நுழைவாயிலின் கற்களில் இணைக்கயல் பொறித்த கல்லொன்றைக் காணாமல் எவரும் உட்புகுவதில்லை. அப்பால் நிழல் தரும் பெருமரங்கள். அவற்றின் கீழ் மனிதருக்கு அஞ்சாமல் மேயும் மான் கூட்டம். மெல்ல மெல்ல மேலேறும் பாதை. கையில் அர்ச்சனைத் தட்டும் நெஞ்சில் சுவாமி மலையின் நினைவுமாகச் செல்லும் அடியாருக்கு, அப்பாதையின் அருகில் நிற்கும் பழைய வீடொன்று கண்ணிற் படுவதும் உண்டு, படாமற் போவதும் உண்டு. அந்த வீட்டைப் பற்றித்தான் இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகின்றேன்.

வெல்லெஸ்லி மாளிகை என்பது அதன் பெயர். வெலிங்டன் மாளிகை என்பாரும் உளர். மாளிகை என்றவுடன் செட்டிநாட்டுப் பெருமனைகளையோ, ஐரோப்பியப் பிரபுக்களின் நூறு அறைகள் கொண்ட அரண்மனைகளையோ மனக்கண்முன் கொண்டுவர வேண்டாம். கோட்டைக்குள் படைத் தலைவர்கள் தங்குவதற்கென எழுந்த இல்லம் அது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்ததென மதிக்கப்படுகின்றது. பிரபு ஒருவர் அதிற் சில வாரங்கள் தங்கினார். அதனால் அது மாளிகை ஆயிற்று. கட்டியவன் பெயரைத் தாங்காமல், தங்கியவன் பெயரைத் தாங்கி நிற்கும் வீடுகள் உலகெங்கும் உள்ளன. அவற்றுள் இதுவும் ஒன்று.

நான் சிறுவனாக இருந்தபோது என் தந்தையார் இந்த வீட்டைச் சுட்டிக் காட்டி ஒரு கதை சொல்வார். "தம்பி, நெப்போலியனை வென்றவன் இங்கேதான் காய்ச்சலாகக் கிடந்தான். அவன் போக வேண்டிய கப்பல் அவனை விட்டுவிட்டுப் புறப்பட்டது. போன கப்பல் கடலில் மூழ்கிற்று. இந்த ஊர்க் காய்ச்சல் அவனைப் பிடித்திராவிட்டால் வாட்டர்லூவே இல்லை" என்பார். திருக்கோணமலையில் வளர்ந்த பிள்ளைகளுள் இக்கதையைக் கேளாதவர் அரியர். எங்கள் ஊர்க் காய்ச்சல் உலக வரலாற்றையே மாற்றியது என்பதில் எங்களுக்கு ஒருவகைப் பெருமிதமும் இருந்தது. பின்னாளில் நூல்களைப் புரட்டியபோதுதான் கதையிற் பாதி உண்மை என்றும், மற்றப் பாதி ஆயிரம் மைல்களுக்கு அப்பால் நிகழ்ந்தது என்றும் அறிந்தேன்.

நிகழ்ந்தது இதுதான். 1799ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு சுல்தான் போர்க்களத்தில் மாண்டார். கோட்டைச் சுவரை உடைத்துக்கொண்டு உட்புகுந்த படைக்குத் தலைமை தாங்கியவர் டேவிட் பெயர்ட் என்னும் தளபதி. முன்னொரு காலத்தில் அதே ஸ்ரீரங்கப்பட்டணத்திற் சிறைப்பட்டுக் கிடந்தவர் அவர். ஆயினும், நகரின் நிருவாகம் அவர் கைக்கு வரவில்லை. அவருக்கு இளையவரான கேணல் ஆதர் வெல்லெஸ்லி என்பவரிடம் அது ஒப்படைக்கப்பட்டது. ஆதரின் தமையனார் றிச்சேட் வெல்லெஸ்லி அப்போது இந்தியாவின் மகாதேசாதிபதியாக வீற்றிருந்தார் என்பதைச் சொன்னால் மற்றவற்றை நேயர்கள் ஊகித்துக்கொள்வீர்கள்.

1800ஆம் ஆண்டின் இறுதியில் திருக்கோணமலைத் துறைமுகத்தில் ஒரு படை திரட்டப்பட்டது. பிரான்சியர் வசமிருந்த மொரிசியஸ் தீவைத் தாக்குவது முதல் எண்ணம். பின்னர் ஒல்லாந்தர் வசமிருந்த பத்தாவியா பேசப்பட்டது. கடற்படைத் தலைவராயிருந்த அட்மிரல் ரெய்னியர், அரசரின் கட்டளை இல்லாமல் மொரிசியஸ் மீது செல்ல இயலாது என்று மறுத்துவிட்டார். இத்தனை குழப்பத்துக்கும் நடுவே, 1800 டிசம்பரில், முப்பத்தொரு வயதான ஆதர் வெல்லெஸ்லி அப்படைக்குத் தலைவராகத் திருக்கோணமலையில் வந்திறங்கினார். அவர் தங்கியது இந்த வீட்டில் என்பது வழிவழியாக வரும் செய்தி.

எங்கே போவது என்று தெரியாத படையொன்றை வைத்துக்கொண்டு காத்திருப்பது எளிதன்று. உலகத்தின் மிகச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று திருக்கோணமலை. எத்தனை கப்பல்கள் வந்தாலும் புயலுக்கு அஞ்சாமல் ஒதுங்கலாம். ஆனால் துறைமுகம் சிறந்தது என்பதனால் சந்தையும் சிறந்ததாகிவிடாது. காடு சூழ்ந்த அக்காலத் திருக்கோணமலையில், தம்பலகாமத்தில் விளையும் நெல்லைத் தவிர, பெரும்படைக்கு உணவளிக்க என்ன இருந்தது? வெல்லெஸ்லி கணக்கிலும் களஞ்சியத்திலும் மிகுந்த கவனம் உடையவர். பிற்காலத்தில் அவர் பெற்ற வெற்றிகளிற் பாதி, படைக்குச் சோறு வந்து சேரும் வழியை முன்னரே வகுத்ததனால் வந்தவை என்று போர்க்கலை வல்லார் கூறுவர்.

இதற்கிடையில் இலண்டனிலிருந்து வேறொரு கட்டளை வந்தது. எகிப்தில் இருக்கும் பிரான்சியரைத் தாக்கச் செங்கடல் வழியாகப் படை அனுப்புக என்பது அது. அதன் பிரதி சென்னை வழியாக வெல்லெஸ்லியின் கைக்கு எட்டிற்று. தமையனாரின் நேரடி உத்தரவுக்குக் காத்திராமல், 1801 பெப்ரவரியில் அவர் படையைக் கப்பலேற்றிப் பம்பாய்க்குப் புறப்பட்டார். பயணத்தின் இடையிலேயே இன்னொரு செய்தி அவரை அடைந்தது: படையின் முதன்மைத் தலைமை டேவிட் பெயர்டுக்கு வழங்கப்பட்டுவிட்டது! ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஒதுக்கப்பட்டவர் இப்போது மேலே வந்தார். அங்கே மேலே வந்தவர் இப்போது இரண்டாமவர் ஆனார். வெல்லெஸ்லி மனம் புண்பட்டார் என்பதற்கு அவருடைய கடிதங்களே சான்று. தமையனிடம் தம்பி கொண்ட மனத்தாங்கல் நெடுநாள் ஆறவில்லை.

காய்ச்சல் வந்தது அதற்குப் பின், பம்பாயில். திருக்கோணமலையில் அன்று. விட்டு விட்டு வரும் காய்ச்சலோடு தோல் நோயும் சேர்ந்துகொண்டது. நைத்திரிக் அமிலம் கலந்த நீரில் அவரைக் குளிப்பாட்டினார்கள். துடைத்த துவாய்கள் கருகும் அளவுக்கு அந்த நீர் கடுமையாயிருந்தது என்பர். 1801 ஏப்ரலிற் பெயர்ட் படையுடன் செங்கடலுக்குப் புறப்பட்டார். வெல்லெஸ்லி பம்பாயிலேயே தங்கிவிட்டார். அவர் ஏறிச் செல்லவிருந்த சுசன்னா என்னும் கப்பல் செங்கடலில் ஆட்களோடு மூழ்கியது என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் கூறுவர். பெயர்டின் படையோ பாலைவனத்தைக் கடந்து நைல் நதியை அடைவதற்குள், கெய்ரோவிலிருந்த பிரான்சியர் சரணடைந்துவிட்டனர். வெல்லெஸ்லி உடல் தேறி மீண்டும் ஸ்ரீரங்கப்பட்டணம் சென்றார். 1814இல் வெலிங்டன் கோமகன் ஆனார். 1815இல் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்றார்.

ஆகவே, எங்கள் வீடு வெலிங்டனின் உயிரைக் காத்த வீடு அன்று. அவர் நல்ல உடல்நலத்தோடு அதில் இருந்தார். நல்ல உடல்நலத்தோடு அதிலிருந்து புறப்பட்டார். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் அங்கே தங்கியபோது அவர் வெலிங்டனும் அல்லர். அந்தக் கோட்டை பிரட்றிக் கோட்டையும் அன்று. யோர்க் கோமகனான பிரட்றிக்கின் பெயர் கோட்டைக்கு இடப்பட்டது 1803இல். பெயர்கள் இரண்டும் பின்னாளில் வந்து ஒட்டிக்கொண்டவை.

இதைச் சொல்லும்போது என் தந்தையாரின் கதையைக் கெடுத்துவிட்டேனோ என்ற தயக்கம் எனக்கே உண்டு. ஆயினும், திருக்கோணமலையில் இத்தகைய கதை இது ஒன்று மாத்திரம் அன்று. சுவாமி மலையில் ஒல்லாந்த மொழிக் கல்வெட்டோடு கூடிய தூண் ஒன்று உண்டு. பழைய கோயிலின் தூண் அது. பிரான்சினா வான் ரீட் என்னும் பெண்ணின் பெயரும் 1687 என்னும் ஆண்டும் அதிற் பொறிக்கப்பட்டுள்ளன. காதலன் கப்பலேறிச் செல்வதைக் கண்டு அவள் மலையுச்சியிலிருந்து கடலிற் பாய்ந்து மாண்டாள் என்று வழிகாட்டிகள் இன்றும் கண்ணீர் வரச் சொல்வார்கள். அவளுடைய தந்தையார் ஹென்றிக் வான் ரீட், மலையாள நாட்டு மூலிகைகளைப் பற்றி இலத்தீனிற் பெருநூல் தொகுப்பித்தவர். மகளோ பாயவுமில்லை, மாளவுமில்லை. பின்னர் மணம் புரிந்து வாழ்ந்தாள். மலையும் கடலும் ஆழமும் அப்படிப்பட்டவை. அங்கே நிற்பவர்களுக்கு ஒரு கதை தேவைப்படுகின்றது.

இனி, இதனினும் கனமான ஒரு கேள்விக்கு வருவோம். இந்த வீடு நிற்கும் கோட்டை எதனால் ஆனது? 1622ஆம் ஆண்டு போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா சுவாமி மலையிலிருந்த கோணேசர் ஆலயத்தை இடித்தான். அக்கற்களையே கொண்டு கோட்டையை எழுப்பினான். நுழைவாயிலில் நாம் காணும் இணைக்கயல் அங்ஙனம் வந்து சேர்ந்த கல். 1639இல் ஒல்லாந்தர் கோட்டையைக் கைப்பற்றினர். 1782ஆம் ஆண்டிலோ சனவரியில் ஆங்கிலேயர் பிடித்தனர்; ஓகஸ்ட் முடிவதற்குள் சுப்பிரேன் தலைமையிற் பிரான்சியர் பிடித்தனர்; சமாதான உடன்படிக்கைக்குப் பின் மீண்டும் ஒல்லாந்தரிடம் சேர்ந்தது. 1795 ஓகஸ்ட் 26ஆம் நாள், பீரங்கிகள் கோட்டைச் சுவரைத் துளைத்தபின், அது மறுபடியும் ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. அந்தப் படையெடுப்பின் தொடக்கத்தில் டயமீட் என்னும் ஆங்கிலப் போர்க்கப்பல் துறைக்கு அண்மையிற் பாறையில் மோதி மூழ்கிற்று. இத்தனைக்கும் பின் ஐந்தாண்டு கழித்துத்தான் வெல்லெஸ்லி வந்தார்.

"எங்கள் கோயிலை இடித்த கோட்டை, அதற்குள் அந்நியத் தளபதி தங்கிய வீடு. அதை நாம் ஏன் பேண வேண்டும்?" என்று கேட்போர் உளர். இக்கேள்வியை இகழ்ச்சியாகத் தள்ளிவிட நான் விரும்பவில்லை. கேட்பவரின் நெஞ்சில் உள்ள வலி மெய்யானது. கோணேசர் கோயிலின் திருவுருவங்கள் 1950இல் நிலத்தை அகழ்ந்தபோது வெளிப்பட்டதையும், 1956இல் ஆதர் சி. கிளாக்கும் மைக் வில்சனும் மலையடிக் கடலுக்குள் மூழ்கிப் பழைய கோயிலின் கற்களைக் கண்டதையும், 1963இல் புதிய ஆலயத்துக்குக் குடமுழுக்கு நிகழ்ந்ததையும் கண்ட தலைமுறையின் கண்ணீரை நாம் அறிவோம். ஆயினும், இடித்தவனின் சுவரை நாமும் இடித்துவிட்டால் இணைக்கயல் பொறித்த கல்லை எங்கே காண்பது? இடித்த கதைக்குச் சாட்சி அந்தக் கோட்டைதான். சாட்சியைக் கூண்டிலிருந்து இறக்கிவிடலாகாது. வீட்டின் நிலையும் அதுவே. வெலிங்டனைப் போற்றுவதற்காக அன்று. நம் துறைமுகத்தை எவரெவர் எதற்காக விரும்பினர் என்பதற்கு நேராகக் கைகாட்டும் பொருள்கள் எஞ்சியிருப்பவை சிலவே.

சட்டமும் இதில் நம் பக்கம் இருக்கின்றது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2ஆம் நாளுக்கு முற்பட்ட கட்டடங்களைத் தொன்மையானவையாகக் கருதுகின்றது. கண்டி உடன்படிக்கை கைச்சாத்தான நாள் அது. சிங்கள அரசு முடிவுற்ற நாளையே சட்டம் வகுத்தோர் எல்லைக்கோடாக வைத்தனர் போலும். வெல்லெஸ்லி தங்கிய வீடு பதினைந்து ஆண்டு இடைவெளியில் அந்தக் கோட்டுக்கு இப்பால் வந்துவிடுகின்றது. இன்று கோட்டை இராணுவத்தின் பொறுப்பில் இருப்பதால், வழிபடச் செல்வோர் வெளியே நின்று பார்க்கலாமே அன்றி உள்ளே சென்று சுற்றிப் பார்ப்பதற்கில்லை. 2009 வரை நீடித்த போரின் ஆண்டுகளிற் சோதனைச் சாவடிகளைக் கடந்தே கோயிலுக்குச் செல்ல நேர்ந்தது. அப்போது அவ்வீட்டை நின்று பார்க்கவும் எவருக்கும் மனம் இருந்ததில்லை. ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆள் குடியிருக்கும் வீடு ஆளில்லாத வீட்டைவிட நெடுநாள் நிற்கும். ஓடு விலகினால் மழைக்கு முன் ஒருவர் பார்ப்பார். கறையான் ஏறினால் ஒருவர் தட்டிவிடுவார். பூட்டிக் கிடக்கும் வீட்டில் இவை நிகழ்வதில்லை.

ஆயினும் குடியிருப்போரின் அக்கறையே சில வேளைகளில் வீட்டுக்குப் பகையாகவும் முடியும். எங்கள் கரையோரத்துப் பழைய வீடுகளின் சுவர்களைச் சற்று எண்ணிப் பாருங்கள். கருங்கல்லும் முருகைக்கல்லும் செங்கல்லும் கலந்து, சுண்ணாம்புக் காரையாற் பிணைத்து, இரண்டு முழத்துக்குக் குறையாத கனத்தில் எழுப்பிய சுவர்கள் அவை. கடற்காற்றில் உப்பு இருக்கின்றது. நிலத்திலிருந்து ஈரம் ஏறுகின்றது. சுண்ணாம்புச் சாந்து அந்த ஈரத்தை உள்ளே அடைத்து வைப்பதில்லை, வெளியே விட்டுவிடும். உப்புப் பூத்தாலும் மேற்பூச்சுத்தான் உதிரும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெள்ளையடித்தால் சுவர் பிழைக்கும். நம் காலத்தவரோ சுவர் உதிர்வதைக் கண்டவுடன் சீமெந்தைக் குழைத்துப் பூசிவிடுகின்றனர். பூசிய அன்று வீடு புதிதாகத் தோன்றும். உள்ளே புகுந்த ஈரத்துக்கு வெளியேற வழியில்லை. உப்பு சுவருக்குள்ளேயே பளிங்காக உறைந்து கல்லையும் காரையையும் நொறுக்குகின்றது. ஐந்தாறு மாரிகள் கழிந்தபின் சீமெந்துப் பூச்சு பாளம் பாளமாகப் பெயரும். பெயரும்போது பழைய சுவரின் தோலையும் உரித்துக்கொண்டே வரும். பீரங்கிக்குத் தப்பிய சுவர் மேசனின் கரண்டிக்குத் தப்பாமற் போவது இவ்வாறுதான். வேலை செய்யும் மேசனை நோவதிற் பயனில்லை. சுண்ணாம்பு நீற்றிச் சாந்து அரைக்கத் தெரிந்தவர்களை நாம்தான் வேலையின்றி விட்டுவிட்டோம்.

இவ்விடயத்தில் நமக்கு ஒரு முன்மாதிரி திருக்கோணமலையிலேயே உண்டு. உள்துறைமுகத்தின் பக்கத்தில் ஒல்லாந்தர் காலத்துக் கடற்படை ஆணையாளரின் இல்லம் ஒன்று இருக்கின்றது. மேல்மாடி உடைய பெரிய வீடு. காலத்தாற் சிதைவுற்ற அந்த வீடு நெதர்லாந்து அரசின் உதவியோடு செப்பனிடப்பட்டு, 2013ஆம் ஆண்டு கடல்சார் வரலாற்று அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. பள்ளிப் பிள்ளைகள் அதன் படிகளில் ஏறி இறங்குவதை இன்று காணலாம். கட்டியவர் வழிவந்தோரும் நம்மவரும் சேர்ந்து பழைய வீடொன்றைக் காப்பாற்றிய அச்செயல் பாராட்டுக்குரியது. கோட்டைக்குள் இருக்கும் வீட்டை அருங்காட்சியகம் ஆக்க வேண்டும் என்று நான் வாதாடவில்லை. ஊருக்கு இரண்டு அருங்காட்சியகம் இருந்தால் இரண்டும் ஆளின்றிக் கிடக்கவும் கூடும்!

நான் வேண்டுவது அதனினும் சிறியது. முதலில், வீட்டின் அளவுகளை முறையாக எடுத்து வரைபடம் வரைதல் வேண்டும்: எந்தச் சுவர் மூலச் சுவர், எது பின்னாளிற் சேர்த்தது, எந்த நிலைக்கதவு பழையது என்று குறித்தல் வேண்டும். காரையில் ஒரு பிடி எடுத்துச் சோதித்தால் எந்த மணலும் எந்தச் சுண்ணாம்பும் கலந்தனர் என்பது தெரியும்; அடுத்த முறை செப்பனிடுவோர் அதே கலவையைச் செய்யலாம். ஆண்டுக்கு ஒருமுறை, ஐப்பசி மழைக்கு முன், கூரையை ஏறிப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். இவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை. வேண்டியது, இன்ன மாதம் இன்னார் செய்வார் என்று எழுதி வைத்த ஓர் ஒழுங்கு.

அடுத்தது, வெளியே ஓர் அறிவிப்புப் பலகை. தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும், கோயிலுக்குச் செல்வோர் நின்று வாசிக்கும் அளவு எழுத்தில் அமைய வேண்டும். 1800 டிசம்பரில் வந்து 1801 பெப்ரவரியிற் சென்ற ஒரு கேணலைப் பற்றியும், அவர் காத்திருந்த படையைப் பற்றியும், அவருக்குக் காய்ச்சல் வந்தது பம்பாயில் என்பதைப் பற்றியும் அதில் எழுதட்டும். கோட்டையின் கல் எங்கிருந்து வந்தது என்பதையும் அதே பலகையில், அதே அளவு எழுத்தில் எழுதட்டும். ஒன்றை எழுதி மற்றொன்றை விட்டால் பலகை பாதிப் பொய்யாகிவிடும்.

திருக்கோணமலைக்குச் செல்லும் நேயர்கள் இன்னுமோர் இடத்தையும் பார்த்து வரலாம். கோட்டைக்கு வெளியே, நகரின் வெளிக்கருகில் ஒரு பழைய இடுகாடு உண்டு. ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் இளைய சகோதரரான அட்மிரல் சார்ல்ஸ் ஆஸ்டின் அங்கே அடக்கம் செய்யப்பட்டுள்ளார். 1852இற் பர்மாப் போரின்போது ஐராவதி நதியில், கப்பலிலேயே வாந்திபேதி கண்டு மறைந்தவர் அவர். வெல்லெஸ்லி தங்கிச் சென்ற ஊரிலே ஆஸ்டின் தங்கிவிட்டார். அவருக்கு மாளிகை எதுவும் பெயர் சொல்ல நிற்கவில்லை.

கோட்டை வழியே மாலைப் பூசைக்குச் செல்வீர்களாயின், வெயில் தாழும் வேளையாகப் பார்த்துச் செல்லுங்கள். மான்கள் அவ்வேளையிற் பாதையோரம் வரும். பழைய வீட்டின் முன் ஒரு கணம் நின்று, சுவரின் அடிப்பகுதியை மட்டும் உற்று நோக்குங்கள். அங்கே வெண்மையாக உப்புப் பூத்திருந்தால் சுவர் இன்னும் மூச்சு விடுகின்றது என்று பொருள்.